பிளஸ் டூ-வில் காமர்ஸ், இப்போது இயற்பியல் படிக்க ஆசை: மதுரைப் பக்கத்தில் கல்லூரிக்குத் திரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

பி.காம்., பி.ஏ., பி.பி.ஏ. போன்ற பட்டம் ஒன்றை முடித்து, சில ஆண்டுகள் கடையிலோ கம்பெனியிலோ வேலை பார்த்தபின், இயற்பியலையோ கணிதத்தையோ எம்.எஸ்சி. வரை முறையாகப் படிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பி.காம். முடித்துக் கணக்கு எழுதும் வேலையில் இருந்தபின் பி.எஸ்சி. இயற்பியலில் முதலாண்டு சேர்ந்து, இப்போது எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பாதையில் பாடத்தைவிட முதலில் களைப்பூட்டுவது அலுவலகங்கள்தான். ஒவ்வொரு அலுவலகமும் தன் மேசைக்கு வரும் தாளைப் பற்றி மட்டும் பதில் சொல்லும். எதை முடித்துவிட்டு எதற்குப் போக வேண்டும் என்ற முழு வரிசை அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வரிசையைத்தான் இங்கே தருகிறேன்.

கால அளவை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் படிக்காத ஒருவருக்கு, விடுபட்ட பாடங்களை எழுத ஏறத்தாழ ஓராண்டு, பி.எஸ்சி.க்கு 3 ஆண்டு, எம்.எஸ்சி.க்கு 2 ஆண்டு என்று மொத்தம் 6 ஆண்டு ஆகும். இதைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் விளம்பரம் எதையும் பணம் கட்டும் அளவுக்கு நம்ப வேண்டாம்.

1. பட்டத்தை ஒதுக்கிவைத்து, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைப் பாருங்கள்

கையில் ஒரு பட்டம் இருப்பதால் நேரே எம்.எஸ்சி.யில் சேரலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். எம்.எஸ்சி. இயற்பியலுக்கு பி.எஸ்சி. இயற்பியல் வேண்டும், எம்.எஸ்சி. வேதியியலுக்கு பி.எஸ்சி. வேதியியல் வேண்டும். ஆகவே உங்கள் பி.காம். அங்கே செல்லாது, பி.எஸ்சி. முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த பி.எஸ்சி.யில் சேரும் தகுதியைத் தீர்மானிப்பது நீங்கள் பிளஸ் டூ-வில் எடுத்த குரூப். மதிப்பெண் பட்டியலில் பகுதி மூன்றின் கீழ் எந்தப் பாடங்கள் உள்ளன என்று பார்த்து, உங்கள் நிலை பின்வருவனவற்றில் எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் இருந்தால், எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும் பாடத் தகுதியில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. நேரே 3-ஆம் படிக்குப் போகலாம். உயிரியல் குரூப்பில் கணிதம் இல்லாமல் படித்தவர்களுக்குத் தாவரவியல், விலங்கியல் போன்றவை திறந்திருக்கும். இயற்பியலுக்குக் கணிதம் இல்லாதது தடையாகும். வணிகக் கணிதம் படித்தவர்களை பி.எஸ்சி. கணிதத்தில் ஏற்கும் கல்லூரிகளும் உண்டு, ஏற்காதவையும் உண்டு. அந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் தகுதிப் பத்தியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் மட்டும் படித்தவர்களுக்கு அடுத்த படி கட்டாயம்.

தன்னாட்சிக் கல்லூரிகள் தகுதி விதிகளைத் தாங்களே சற்று மாற்றி அமைப்பதால், ஒரு கல்லூரி இல்லை என்றதை வைத்து மதுரை முழுவதும் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அதேபோல, ஒரு கல்லூரி சரி என்று வாயால் சொன்னதையும் முடிவாகக் கொள்ள வேண்டாம். நான் காட்டிய மதிப்பெண் பட்டியலை ஒரு கல்லூரி மறுத்தது, இன்னொரு கல்லூரி ஏற்றது.

2. விடுபட்ட பாடங்களை எழுதுதல்

தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ்., பிளஸ் டூ முடித்தவர்களும் தேவையான பாடங்களை மட்டும் தனியே எழுத வழி வைத்திருக்கிறது. இதற்குப் பகுதிச் சேர்க்கை என்று பெயர். அதிகபட்சம் 4 பாடங்கள் எடுக்கலாம். இப்படி எழுதுவோருக்கு அந்தப் பாடங்களுக்கான மதிப்பெண் பட்டியல் மட்டும் கிடைக்கும், தனியான தேர்ச்சிச் சான்றிதழ் கிடைக்காது. கணிதத்தின் பாடக் குறியீடு 311, இயற்பியல் 312, வேதியியல் 313. பொதுத் தேர்வு ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரலை ஒட்டியும் அக்டோபரை ஒட்டியும் நடக்கும். ஆனால் தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே சேர்க்கை முடிந்துவிடும் என்பதால், "இந்த அக்டோபரில் எழுதிவிடலாம்" என்று ஆகஸ்டில் நினைப்பது காலம் கடந்த நினைப்பு.

இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 80, செய்முறைக்கு 20 மதிப்பெண். செய்முறை வகுப்பு உங்களுக்கு ஒதுக்கப்படும் படிப்பு மையத்தில் நடக்கும். எனவே மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டுக்கு அருகே இருக்கிறதா என்பதைவிட, அங்கே ஆய்வகம் உண்மையிலேயே திறக்கப்படுகிறதா என்று விசாரியுங்கள். செய்முறைக்கு ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஆசை காட்டும் மையம் உங்களுக்கு நல்லதல்ல. வெர்னியர் அளவியைத் தொடாமலே பி.எஸ்சி. ஆய்வகத்துக்குள் நுழைபவருக்கு அங்கே யாரும் முதலிலிருந்து சொல்லித்தர மாட்டார்கள்.

இந்தப் படியில் பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் சேர விரும்பும் இரண்டு மூன்று கல்லூரிகளின் முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: மாநில வாரியத்தில் பிளஸ் டூ தேர்ச்சி பெற்றது, இந்த இந்தப் பாடங்களைத் திறந்தநிலைப் பள்ளியில் தனியாக எழுதப்போவது, இரண்டு பட்டியலையும் சேர்த்துத் தகுதியாக ஏற்பார்களா என்பது, தரவரிசைக்கு எந்த மதிப்பெண்களைக் கணக்கிடுவார்கள் என்பது. கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் அரசுக் கல்லூரிகளில் பகுதி மூன்றின் நான்கு பாட மதிப்பெண்களை 400-க்குக் கூட்டித்தான் தரவரிசை போடுகிறார்கள். இரண்டு வாரியப் பட்டியலை வைத்திருப்பவரின் நான்கு பாடங்கள் எவை என்று கணினியில் ஏற்றும் ஊழியருக்குத் தெளிவாக இருக்காது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சல் பதிலும் போதும்.

3. சேருவதற்கு முன் அடித்தளத்தைக் கட்டுங்கள்

இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலோர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். விண்ணப்பம், சான்றிதழ் என்று அலைவதில் படித்தது போன்ற ஒரு நிறைவு வந்துவிடுகிறது. வகுப்பு தொடங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், முதல் மாதத்திலேயே கரும்பலகையில் நுண்கணிதம் வரும்; பக்கத்தில் இருக்கும் 18 வயதுப் பிள்ளைகள் அதை இரண்டு ஆண்டு பழகிவிட்டு வந்திருப்பார்கள்.

இதற்கு விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பள்ளிப் புத்தகங்கள் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2018-19-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்த புதிய பாடத்திட்டப் புத்தகங்களையே எடுங்கள்; வீட்டில் அண்ணன், அக்கா படித்த பழைய புத்தகம் இருந்தால் அதைக் கூடுதல் கணக்குகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வரிசையில் படிப்பது என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. முதலில் இயற்பியலைத் தொடாதீர்கள். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் இயற்கணிதம், முக்கோணவியல் ஆகிய இரண்டையும் எல்லாப் பயிற்சிக் கணக்குகளோடும் முடியுங்கள். அடுத்து, பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தின் முதல் தொகுதியில் அடுக்குகள், மடக்கைகள், முக்கோணவியல். பிறகு இரண்டாம் தொகுதிக்குப் போய், வெக்டர் இயற்கணிதம், எல்லைகள், வகையிடல், தொகையிடல். வகையிடல் கைக்கு வந்தபின்தான் பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் இயக்கவியல் பாடத்தைத் திறக்க வேண்டும். அந்த நிலையில் அது பாதி நேரத்தில் முடிகிறது, ஏனென்றால் அதிலுள்ள சூத்திரங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லாமல் நீங்களே வருவித்துக்கொள்ளலாம்.

வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மொத்தச் செலவுச் சார்பை வகையிட்டு இறுதிநிலைச் செலவு கண்டுபிடித்தது நினைவிருக்கிறதா? இடப்பெயர்ச்சியை நேரத்தைப் பொறுத்து வகையிட்டால் திசைவேகம், அதை மறுபடியும் வகையிட்டால் முடுக்கம் என்பதும் அதே வேலைதான். அணிகளும், தொகையிடலும், வகைக்கெழுச் சமன்பாடுகளும் உங்கள் பழைய நோட்டில் ஏற்கெனவே இருக்கும். உங்களிடம் இல்லாதது வெக்டர்; முக்கோணவியலையும் மேலோட்டமாகவே படித்திருப்பீர்கள். இரண்டுக்கும் நேரத்தை ஒதுக்கினால் இடைவெளி பெரும்பாலும் அடைபடும்.

இயற்பியலுக்குள் போனபின், பதினொன்றாம் வகுப்பில் அளவீட்டியல், இயக்கவியல், இயக்க விதிகள், வேலை-ஆற்றல்-திறன், திண்மப்பொருட்களின் சுழற்சி இயக்கம், அலைவுகள் ஆகியவற்றை ஆழமாகப் படியுங்கள். பருப்பொருளின் பண்புகளும் வெப்பமும் பி.எஸ்சி.யின் தொடக்கத்திலேயே விரிவாக வரும், அதனால் ஒரு முறை வாசித்தால் போதும். பன்னிரண்டாம் வகுப்பின் முதல் தொகுதியில் நிலைமின்னியல் தொடங்கி மின்காந்தத் தூண்டல் வரை கணக்குகளோடு முடியுங்கள். இரண்டாம் தொகுதியின் ஒளியியலும் அணுக்கரு இயற்பியலும் படிக்கச் சுவையானவை. நேரம் குறைவாக இருந்தால் தள்ளிப்போட வேண்டியவையும் அவைதான். இரவு வேலை முடிந்து வந்து, நாளுக்கு இரண்டு மணி நேரம் விடாமல் உட்கார முடிந்தால் இதெல்லாம் ஏழெட்டு மாத வேலை.

காணொளி பார்ப்பது படிப்பல்ல. ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் மிக நல்லவை. பார்ப்பது இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் பெற ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். ஆனால் அவை பெரும்பாலும் பள்ளிப் பாடம் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை. பள்ளிப் புத்தகத்தின் பயிற்சிக் கணக்கைப் புத்தகத்தை மூடிவைத்துப் போட முடிகிறதா என்பதை மட்டுமே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் தமிழ் வழிப் புத்தகத்தில் புரிந்துகொண்டு, அதே பக்கத்தை ஆங்கில வழிப் புத்தகத்தில் உடனே வாசித்துவிடுங்கள். கல்லூரி வகுப்பும் வினாத்தாளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டு பதிப்பிலும் பாட வரிசையும் எடுத்துக்காட்டுகளும் ஒன்றே என்பதால் தனியாக ஆங்கிலப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டிய தேவை இல்லை.

வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இல்லாதவர்களுக்கு, புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகமும் சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகமும் உதவும். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க எங்கே அனுமதி என்று நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

4. சான்றிதழ்க் கோப்பைத் தயார் செய்யுங்கள்

கீழ்க்கண்டவை அசலாகவும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து நகலாகவும் ஒரே கோப்பில் இருக்கட்டும்: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், புதிதாக எழுதிய பாடங்களின் பட்டியல், பட்டச் சான்றிதழும் அதன் மதிப்பெண் பட்டியல்களும், கடைசியாகப் படித்த கல்லூரியின் மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள். வேறு வாரியத்தில் எழுதிய பாடங்கள் இருப்பதால் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழைக் கல்லூரி கேட்கலாம். வேறு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களிடம் இடப்பெயர்ச்சிச் (மைக்ரேஷன்) சான்றிதழும் கேட்பார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழக அலுவலகம் தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டிப் பல்கலை நகரில் இருக்கிறது. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து போய் வரவே அரை நாள் ஆகிவிடும் என்பதால், எந்தப் பிரிவு, என்ன படிவம், கட்டணத்தை எப்படிக் கட்டுவது என்பதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மிக அதிகமாகச் சிக்கல் தருவது இனிஷியல். பத்தாம் வகுப்புப் பட்டியலில் இனிஷியல் பெயருக்கு முன்னும், ஆதாரில் அப்பா பெயர் விரிவாகப் பின்னும் இருக்கும்; திருமணமான பெண்களுக்கு ஆதாரில் கணவர் பெயரின் எழுத்து வந்திருக்கும். இணைய விண்ணப்பங்களும் கல்விக் கடனும் கிரெடிட் வங்கி எண்ணும் (மாணவர் பெறும் படிப்பு கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் ஏ.பி.சி. கணக்கின் எண்) ஆதாரைக் கொண்டே சரிபார்க்கப்படுவதால், இந்த வேறுபாடு ஓரிடத்தில் தடையாகாவிட்டால் இன்னோரிடத்தில் தடையாகும். பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளதையே அடிப்படையாகக் கொண்டு ஆதாரைத் திருத்துவதுதான் எளிது. பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்புச் செய்ய வேண்டியிருக்கும். அதைச் சேர்க்கைக் காலத்தில் தொடங்கினால் முடியாது.

மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையை முதலில் பதிவு செய்து, அந்த அச்சுப் பிரதியுடன் படித்த பள்ளிக்கோ கல்லூரிக்கோ போங்கள். நகல் பட்டியல் வாங்கும் விண்ணப்பம் அங்கிருந்துதான் நகரும். இடையில் படிக்காத ஆண்டுகளுக்கு விளக்கம் கேட்கும் கல்லூரிகள் நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் கேட்கும். சாதி, வருமானம் போன்ற வருவாய்த்துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் கட்டணம். மே, ஜூன் மாதங்களில் மாவட்டமே அங்கே நிற்கும்; ஜனவரியில் போனால் கூட்டம் இருக்காது.

முன்பு பெற்ற பட்டத்தை மறைத்துப் பிளஸ் டூ-வை மட்டும் காட்டிச் சேரலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. மாற்றுச் சான்றிதழ் கேட்கும்போது அது வெளியே வந்துவிடும், சேர்க்கையும் ரத்தாகலாம். இரண்டாவது இளநிலைப் பட்டம் படிப்பது தவறான காரியம் அல்ல. மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அரசு ஊழியர்கள் படிப்பில் சேரும் முன் துறையின் அனுமதி பெற வேண்டும். சேர்ந்தபின் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், பிறகு அந்தப் பட்டத்தைப் பணிப் பதிவேட்டில் ஏற்றுவதில் தகராறு வரும்.

5. கல்லூரியும் ஷிப்டும்

மதுரையில் அறிவியல் துறைகள் நன்கு நிலைபெற்ற தன்னாட்சிக் கல்லூரிகளாக அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, மதுரைக் கல்லூரி ஆகியவையும், பெண்களுக்கு லேடி டோக், பாத்திமா கல்லூரிகளும் உள்ளன. அரசுக் கல்லூரிகளில் ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி நகருக்குள்ளேயே இருக்கிறது. மேலூர்ப் பக்கத்தவர்களுக்கு அங்கேயே அரசுக் கல்லூரி உண்டு. கருமாத்தூர், திருவேடகம் கல்லூரிகளை உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்தவர்கள் கவனிக்கலாம்.

பெயரைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது பிரிவு. ஒரே வளாகத்தில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் தனித்தனி நேரத்தில் நடக்கும் கல்லூரிகள் உண்டு. உதவி பெறும் பிரிவில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரத்தில் அடங்கும். சுயநிதியில் அதைப் போலப் பல மடங்கு. ஆனால் பகுதி நேர வேலையைத் தொடர வேண்டியவர்களுக்கு, மதியத்தில் தொடங்கும் சுயநிதி ஷிப்ட் அந்தக் கூடுதல் பணத்தை ஈடுகட்டிவிடலாம். எது லாபம் என்று உங்கள் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பி.காம். படித்தது அதற்காவது உதவட்டும்.

அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். அண்மை ஆண்டுகளில் இளநிலைக்குப் பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து 50 ரூபாய்தான் வாங்கினார்கள். பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்தில் இது திறக்கும். தன்னாட்சிக் கல்லூரிகளில் சில அதற்கும் முன்பே விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிடுகின்றன, எனவே ஏப்ரல் முதல் வாரம் ஒவ்வொரு இணையதளத்தையும் பாருங்கள். கையேட்டில் தகுதிக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது வயது வரம்பு. வயது குறித்து ஒரு வரி இருந்தால், உங்களுக்கு அதில் தளர்வு உண்டா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். இளநிலையில் பகுதி ஒன்று, இரண்டு மொழித் தாள்களை ஏற்கெனவே ஒரு பட்டத்தில் முடித்திருப்பதால் விலக்கு உண்டா என்றும் அப்போதே கேட்டுவிடலாம். கிடைத்தால் வாரத்தில் பல மணி நேரம் மிச்சம்.

6. குறுக்குவழிகளில் எவை வழி, எவை குழி

தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்சி. படிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவுக்கு மதுரையில் மண்டல மையம் உண்டு. ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரு முறை சேர்க்கை நடக்கும். ஆனால் அங்கும் பி.எஸ்சி.க்குப் பிளஸ் டூ-வில் அறிவியல் வேண்டும், ஆகவே 2-ஆம் படியிலிருந்து தப்ப முடியாது. வேலையை விடவே முடியாதவர்களுக்கு இது நல்ல வழி. சேர்வதற்கு முன் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியக எண்ணை உருவாக்க வேண்டும். அதற்கு டிஜிலாக்கர் கணக்கும் கிரெடிட் வங்கி எண்ணும் தேவை. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், நீங்கள் சேரும் அதே ஆண்டுக்கு, அதே படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்தக் குழுவின் தளத்திலேயே பாருங்கள். போன ஆண்டின் அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுவது வழக்கமான தந்திரம். நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உளவியல் ஆகியவற்றைத் தொலைநிலையில் நடத்துவது 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் சேர்க்கிறோம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள்.

தரவு அறிவியல் போதும் என்பவர்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். படிப்பு பிளஸ் டூ-வில் எந்த குரூப் படித்தவருக்கும் திறந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், வயது வரம்பு கிடையாது. தகுதிச் சுற்றில் தேறினால்தான் உள்ளே போக முடியும்.

ஆசிரியர் வேலை மனத்தில் இருப்பவர்கள் கிராஸ் மேஜர், அதாவது இளநிலையில் ஒரு பாடமும் முதுநிலையில் வேறு பாடமும் படிக்கும் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அரசுப் பள்ளியின் முதுகலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். பி.எஸ்சி. கணிதம் எளிதாகக் கிடைத்தது என்று சேர்ந்து, பிறகு எம்.எஸ்சி.யில் வேறு பாடத்துக்குத் தாவினால் அந்தக் கதவு மூடிவிடும்.

7. செலவு

கல்லூரிக் கட்டணத்தைத் தவிர, ஒவ்வொரு செமஸ்டருக்கும் தாள் கணக்கில் தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், ரெக்கார்டு நோட்டுகள், ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலை உள்ள அறிவியல் கால்குலேட்டர் ஆகியவை வரும். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லாததால் திருமங்கலம், மேலூர்ப் பக்கத்திலிருந்து வருவோர் எந்தப் பேருந்தில் ஏறுகிறோம் என்று பார்த்து ஏறினால் மாதச் செலவில் கணிசமாகக் குறையும்.

உதவித்தொகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். முதல் பட்டதாரிச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் விதிப்படி, ஒரு நிலையை முடித்தவர் அதே நிலையில் வேறொரு பாடம் படித்தால் தொகை கிடையாது, பி.காம்.க்குப் பின் பி.எஸ்சி. என்பது அதில்தான் அடங்கும். எம்.எஸ்சி. அடுத்த நிலை என்பதால் அப்போது விண்ணப்பித்துப் பார்க்கலாம். ஆகவே பி.எஸ்சி.யின் மூன்று ஆண்டுச் செலவும், அந்த ஆண்டுகளில் இழக்கும் சம்பளமும்தான் நீங்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டிய தொகை. இரண்டாவதுதான் எப்போதும் பெரியது.

8. சேர்ந்தபின்

வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வேலையோடு படிப்பவர்கள் வழுக்கும் இடம் இதுதான். அறிவு இருந்தும் தேர்வு எழுத முடியாமல் போகும். செமஸ்டர் தேர்வுகள் நவம்பரிலும் ஏப்ரலிலும் வருவதால், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாத வேலை நெருக்கடியும் ஏப்ரல் தேர்வும் ஒன்றையொன்று முட்டும் என்பதைக் கணக்குத் துறையில் இருப்பவர்கள் இப்போதே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்.

ஆய்வகத்தில் முதல் சில வாரங்கள் முன்வரிசையில் நில்லுங்கள். மீச்சிற்றளவு கணக்கிடுவது, நகரும் நுண்ணோக்கியில் அளவெடுப்பது, நிறமாலைமானியைச் சரிசெய்வது ஆகிய மூன்றும் கைப்பழக்கம். வகுப்புத் தோழர்களிடம் கேட்கத் தயங்கினால் செமஸ்டர் முழுவதும் பிறருடைய அளவீட்டைப் பார்த்து எழுத நேரிடும். ரெக்கார்டு நோட்டை அந்தந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். கணிதத் துணைப்பாடத்தைச் சுமையாக நினைத்துத் தேர்ச்சி அளவுக்கு மட்டும் படிக்க வேண்டாம். ஐ.ஐ.டி.க்களின் எம்.எஸ்சி. இயற்பியலுக்கு, இளநிலையில் இயற்பியல் நான்கு செமஸ்டரும் கணிதம் இரண்டு செமஸ்டரும் படித்திருக்க வேண்டும் என்பது விதி. நுழைவுத் தேர்வான ஜாம் வினாத்தாளிலும் கணித முறைகளுக்குத் தனி இடம் உண்டு.

அந்த ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். 60 கேள்விகள், 100 மதிப்பெண், 3 மணி நேரம், வயது வரம்பு கிடையாது. இறுதியாண்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறந்து அக்டோபரில் முடிந்துவிடும். பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் அதில் இடஒதுக்கீடு கேட்க, மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், அண்மையில் வழங்கப்பட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதுவும் இ-சேவை மையம் வழியாகத்தான் வர வேண்டும், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேசை மேசையாக நகரும் என்பதால், மூன்றாம் ஆண்டின் ஜூலையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.